பிரேக் விளக்கு எரியுதா? முதல்ல காலைக் கேளு

பழைய காரோட மீட்டர்ல எரியற விளக்குல பாதியை நாம கண்டுக்கறதே இல்ல. ஆரஞ்சு நிறத்துல இன்ஜின் படம் வருஷக்கணக்கா எரிஞ்சுட்டே ஓடற வண்டி எத்தனையோ இருக்கு. ஆனா சிவப்பு வட்டம், நடுவுல ஆச்சரியக்குறி, ரெண்டு பக்கமும் ஒரு வளைவு, இந்த விளக்கு எரிஞ்சா மட்டும் "ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம்"கிற பேச்சே வேண்டாம், கண்ணு. சில வண்டியில ஆச்சரியக்குறிக்குப் பதிலா பி எழுத்து இருக்கும். சிலதுல 'பிரேக்'னே எழுதியிருக்கும். எல்லாம் ஒண்ணுதான்.

நான் சொல்லப்போறது பழைய வண்டிக்கு. மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியோட நின்னு போச்சு, ஆனா நம்ம ஊர்த் தெருவுல அது இன்னும் ஓடிட்டுதான் இருக்கு. அது மாதிரி பழைய ஆல்டோ, ஜென், சான்ட்ரோ, இண்டிகா. செகண்ட் ஹேண்ட்ல வாங்கி ஓட்டிப் பழகறது பெரும்பாலும் இந்த வண்டிகளைத்தானே. இதுல கம்ப்யூட்டர் சமாச்சாரம் ரொம்பக் கம்மி. அதனால ஒரு டார்ச், ஒரு பழைய துணி, கொஞ்சம் பொறுமை இருந்தாப் போதும், மெக்கானிக்கிட்ட போறதுக்கு முன்னாடியே பாதிக் கதை உனக்குத் தெரிஞ்சுடும்.

இந்த விளக்குக்குத் தெரிஞ்சது பெரும்பாலும் ரெண்டே விஷயம். ஹேண்ட் பிரேக் தூக்கியிருக்கா, பிரேக் ஆயில் குறைஞ்சிருக்கா. பெரும்பாலான பழைய வண்டியில ரெண்டுக்கும் ஒரே பல்பு. பிரேக் நல்லா பிடிக்குதா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. அதைச் சொல்லறது உன் வலது கால்தான். அதனால விளக்கு எரிஞ்சதும் பானட்டைத் திறக்க ஓடாம, முதல்ல பெடலை மிதிச்சுப் பாரு.

ஓடிட்டு இருக்கும்போது எரிஞ்சா

பின்னாடி வர்ற வண்டியைக் கண்ணாடில பாரு. ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடு. பிரேக்கை மெதுவா மிதி. வழக்கம்போல பாதி தூரத்துலயே கெட்டியா நின்னு, வண்டி வேகம் குறைஞ்சா பயப்படாதே. இண்டிகேட்டர் போட்டு இடது ஓரமா ஒதுக்கி நிறுத்து. பெடல் வழக்கத்தைவிட ஆழமாப் போகுது, இல்ல மெத்து மெத்துன்னு இருக்குன்னா அந்த வண்டி அந்த இடத்தைத் தாண்டக் கூடாது. "வீடு ரெண்டு கிலோமீட்டர்தான், மெதுவாப் போயிடலாம்"னு யாராவது சொன்னா கேட்காதே. இன்சூரன்ஸ் பேப்பரை எடுத்துப் பாரு, ரோட்ல நின்னா வந்து தூக்கிட்டுப் போற உதவியும் அதுல நிறையப் பேருக்குச் சேர்ந்தே இருக்கும், வாங்கினதையே மறந்திருப்போம்.

பெடல் முழுசா தரை வரைக்கும் போயிடுச்சுன்னா? படபடன்னு நாலஞ்சு தடவை மிதி. மிச்சம் இருக்கற ஆயில் அழுத்தம் ஏற வாய்ப்பு இருக்கு. அதே நேரம் கியரை ஒண்ணொண்ணாக் குறை, நாலுல இருந்து நேரா ஒண்ணுக்குத் தாவாதே. ஹேண்ட் பிரேக்கை ஒரே இழுப்பா இழுத்தா பின் சக்கரம் லாக் ஆகி வண்டி சுத்திடும். அதோட பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா தூக்கு. ஹேண்ட் பிரேக் கேபிள்ல வேலை செய்யறது, ஆயில் போனாலும் அது பிடிக்கும். ஹாரன், ஹஸார்டு லைட் ரெண்டும் போடு. வண்டி நிக்கற வரைக்கும் சாவியை மட்டும் ஆஃப் பண்ணாதே. மிதிக்கறதை லேசாக்கற பிரேக் பூஸ்டரும் போயிடும், ஸ்டீயரிங்கும் லாக் ஆக வாய்ப்பு இருக்கு.

அப்படி மொத்தமாப் போறது அபூர்வம். ஏன்னா பெடலை மிதிச்சா ஆயிலைத் தள்ளற மாஸ்டர் சிலிண்டருக்குள்ள ரெண்டு தனி லைன் இருக்கு. முன் சக்கரம் இழுக்கற கார்கள்ல பெரும்பாலும் குறுக்காப் பிரிச்சிருப்பாங்க: முன் இடதும் பின் வலதும் ஒரு லைன், முன் வலதும் பின் இடதும் இன்னொரு லைன். ஒண்ணு ஒழுகிக் காலியானாலும் மத்தது பாதி பிரேக் கொடுக்கும். ஆனா பெடல் ஆழமாப் போகும், நிக்கறதுக்கு ரொம்ப தூரம் எடுக்கும். "பிடிக்குதே, ஓட்டலாமே"ன்னு தோணவைக்கறதும் இந்தப் பாதி பிரேக்தான். நாய் குறுக்க ஓடறப்போ அது பத்தாது.

நின்ன இடத்துல மூணு சோதனை

இன்ஜின் ஓடும்போதே பெடலை ஒரு தடவை மிதி. கெட்டியா நிக்கணும். அப்புறம் தொடர்ந்து ரெண்டு மூணு தடவை மிதிச்சுப் பாரு. ஒவ்வொரு மிதிக்கும் பெடல் மேல ஏறி வந்து கெட்டியாச்சுன்னா உள்ள ஏர் புகுந்திருக்கு, இல்ல பின் டிரம்ல ஷூ அட்ஜஸ்ட்மென்ட் விட்டுப் போயிருக்கு. கடைசியா மிதிச்சபடியே அரை நிமிஷம் பிடிச்சுக்கோ. கால் மெல்ல மெல்லக் கீழே இறங்குதா? எங்கயோ ஒழுகுது, இல்ல மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள்ளயே வாஷர் தேஞ்சு அழுத்தத்தை விடுது. இந்த ரெண்டாவது விஷயத்துல ஆயில் வெளிய வராது, அளவும் குறையாது, விளக்கும் எரியாது. அதனாலதான் சொல்றேன், விளக்கு அணைஞ்சே இருந்தாலும் மாசத்துக்கு ஒரு தடவை இந்தச் சோதனையைப் பண்ணு.

ஹேண்ட் பிரேக் சுவிட்ச்

சிரிக்காதே, முதல் காரணம் பெரும்பாலும் இதுதான். லீவர் முழுசா இறங்காம ஒரு கிளிக்குல நிக்கும். விளக்கு எரியும். நாமளும் ஓட்டிட்டே போவோம். கொஞ்ச தூரத்துல பின் சக்கரத்துப் பக்கம் கருகின வாசனை வரும். அப்படி வந்தா நிறுத்தி, டிரம்மைத் தொடாம கையைப் பக்கத்துல கொண்டுபோய்ப் பாரு. ஒரு பக்கம் மட்டும் அனல் அடிச்சா அந்தப் பக்கத்துக் கேபிள் துரு ஏறி மாட்டிக்கிச்சு.

லீவர் நல்லாவே இறங்கியிருக்கு, ஆனா விளக்கு அணையலைன்னா லீவர் அடியில இருக்கற சின்ன சுவிட்சைப் பாரு. லீவர் முழுசா இறங்கினா சுவிட்சோட மூக்கு அமுங்கணும், அப்பதான் விளக்கு அணையும். அங்க பிஸ்கட் தூள், சில்லறைக் காசு, பொடி மண்ணு எல்லாம் சேரும். குழந்தை இருக்கற வீட்டு வண்டின்னா கேட்கவே வேண்டாம். லீவரை ஒரு தடவை தூக்கி இறக்கு, இறக்கினதும் கீழ்நோக்கி லேசா அழுத்து. அழுத்தும்போது விளக்கு அணைஞ்சு, விட்டா எரிஞ்சா சுவிட்சோட தகடு வளைஞ்சிருக்கு, அவ்வளவுதான். சுவிட்சுக்குப் போறது பெரும்பாலும் ஒரே ஒரு ஒயர். அதைக் கழட்டினதும் விளக்கு அணைஞ்சா சுவிட்ச்தான் குற்றவாளி. அணையலைன்னா அடுத்தது ஆயில்.

ஆயில் டப்பா எங்க இருக்கு, எப்படிப் பார்க்கறது

பானட்டைத் திற. டிரைவர் பக்கம், முன் கண்ணாடிக்குக் கீழ இருக்கற தகட்டை ஒட்டி, உள்ள இருக்கறது மங்கலாத் தெரியற வெள்ளை பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு இருக்கும். பக்கத்துல மேக்ஸ், மின்னு ரெண்டு கோடு. வருஷக்கணக்கா தூசி படிஞ்சு டப்பாவே பழுப்பாயிருக்கும், கோடு தெரியாது. துணியால துடைச்சு, டார்ச்சை டப்பாவுக்குப் பின்னாடி பிடிச்சு முன்னாடி இருந்து பாரு. உள்ள ஆயில் எந்த மட்டத்துல இருக்குன்னு நிழல் மாதிரி தெரியும். வண்டி சமதரையில நிக்கணும். மூடியைத் திறக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது. திறக்கறதா இருந்தா மூடியைச் சுத்தியும் துடைச்சுட்டுத் திற, உள்ள ஒரு மண் துகள் விழுந்தாலும் அது போய் வாஷரைக் கீறும்.

நிறத்தையும் பாரு. புது ஆயில் வெளிறின மஞ்சளா, கிட்டத்தட்ட தண்ணி மாதிரித் தெளிவா இருக்கும். காபி டிகாக்‌ஷன் கணக்கா கறுத்திருந்தா அந்த ஆயிலை மாத்தி ரொம்ப நாளாச்சு.

விளக்கு எப்பவும் எரியாம, திருப்பத்துல, மேட்டுல ஏறும்போது, சடன் பிரேக் போடும்போது மட்டும் மினுக்குன்னு வந்து அணையுதா? டப்பாவுக்குள்ள ஒரு மிதவை இருக்கு. ஆயில் ஒரு பக்கமா சாயும்போது மிதவை இறங்கி சுவிட்சைத் தொடுது. ஆயில் மின் கோட்டுக்கிட்ட வந்துடுச்சுன்னு அர்த்தம். பாதி பேர் இதை ஒயர் லூஸ்னு நினைச்சு விட்டுடறாங்க.

குறைஞ்சா உடனே ஊத்தாதே

இதுதான் எல்லாரும் தடுமாறற இடம். ஆயில் குறைஞ்சிருக்கு, ஒரு பாட்டில் வாங்கி மேக்ஸ் வரைக்கும் ஊத்தினோம், விளக்கு அணைஞ்சது, வேலை முடிஞ்சதுன்னு கிளம்பிடுவோம். பிரேக் ஆயில் பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீர்ற பொருள் கிடையாது. மூடின குழாய்க்குள்ள இருக்கறது. குறைஞ்சா ஒண்ணு எங்கயோ போய் உட்கார்ந்திருக்கணும், இல்ல வெளிய ஒழுகியிருக்கணும்.

போய் உட்காரற இடம் முன் சக்கரத்துக் காலிப்பர். பிரேக் பேட் தேயத் தேய காலிப்பர் பிஸ்டன் வெளிய வரும். அது காலி பண்ணின இடத்துல ஆயில் போய் நிறையும், டப்பாவுல மட்டம் இறங்கும். பல மாசமா, மெல்ல மெல்ல இறங்கினா பெரும்பாலும் இதுதான். பேட் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு ஸ்டீயரிங்கை ஒரு பக்கமா முழுசா ஒடிச்சுட்டு, சக்கரத்து இடுக்கு வழியா டார்ச் அடிச்சுப் பார்க்கலாம். இரும்புத் தகட்டு மேல ஒட்டியிருக்கற கறுப்புப் பகுதி மூணு மில்லிமீட்டருக்குக் கீழ போயிருந்தா மாத்திடு. பிரேக் போடும்போது 'கிரீச்'னு இரும்பு சத்தம் வர்றதும் இதே சமாச்சாரம்தான், நிறைய பேட்ல அந்தச் சத்தத்துக்குன்னே ஒரு தகடு வச்சிருப்பாங்க.

இப்ப யோசிச்சுப் பாரு. தேஞ்ச பேட்டோட டப்பாவை நிறைச்சு வச்சிருக்கே. அடுத்த மாசம் புது பேட் மாட்ட மெக்கானிக் பிஸ்டனை உள்ள தள்ளுவார். அந்த ஆயில் எல்லாம் திரும்பி மேல வந்து டப்பா வழிஞ்சு ஊத்தும். பிரேக் ஆயில் பெயின்டைத் தின்னுடும். கொஞ்ச நேரம் விட்டாலே பெயின்ட் கொப்பளிச்சு உரிஞ்சு வரும். சிந்தினா துடைக்கறதோட நிறுத்தாம உடனே நிறைய தண்ணி விட்டுக் கழுவணும்.

கிடுகிடுன்னு இறங்குதா? போன வாரம் நிறைச்சது இந்த வாரம் மின்லயா? அப்போ ஒழுகல். அதைத் தேடாம இன்னொரு பாட்டில் வாங்கறது காசுக்கும் கேடு, உயிருக்கும் கேடு.

ஒழுகல் தேடற முறை

ராத்திரி வண்டியை நிறுத்தும்போது நாலு சக்கரத்து அடியிலயும், முன்னாடி மாஸ்டர் சிலிண்டருக்கு நேரா கீழயும் பழைய பேப்பரை விரி. பறக்காம ஒரு கல்லை வை. காலையில ஈரம் எங்க இருக்குன்னு பாரு. ஏ.சி. ஓட்டினா வர்ற தண்ணியும் இருக்கும், அது காஞ்சா கறை விடாது. இன்ஜின் ஆயில் கறுப்பா, கனமா இருக்கும். கூலன்ட் பச்சையோ சிவப்போ இருக்கும். பிரேக் ஆயில் வெளிறியிருக்கும், விரல்ல வழுவழுன்னு இருக்கும். சந்தேகம்னா தூக்கிப் போடற பிளாஸ்டிக் கப்புல தண்ணி எடுத்து ஒரு சொட்டு விட்டுப் பாரு. பிரேக் ஆயில் தண்ணியில கரைஞ்சுடும், இன்ஜின் ஆயில் மேல மிதக்கும். கையைச் சோப்பு போட்டுக் கழுவு. அது விஷம், குழந்தைகள் கிட்ட வராமப் பார்த்துக்கோ.

பழைய வண்டியில அடிக்கடி ஒழுகற இடம் பின் டிரம்முக்குள்ள இருக்கற வீல் சிலிண்டர். வெளிய இருந்து பார்த்தா ஒண்ணுமே தெரியாது. பின் டயரோட உள்பக்கச் சுவரை, அதாவது வண்டிக்கு அடியில இருக்கற முகத்தைப் பாரு. ஈரமா, தூசி ஒட்டிக் குழம்பா இருந்தா அந்தப் பக்கத்து வீல் சிலிண்டர் போயிடுச்சு. டிரம்மைக் கழட்டும்போது பக்கத்துல நில்லு. சிலிண்டரோட ரப்பர் மூடி ஓரத்தை விரலால லேசா விலக்கச் சொல்லு. உள்ள இருந்து சொட்டா வழிஞ்சா வேற சாட்சி வேண்டாம்.

இந்த இடத்துல ரெண்டு விஷயத்துல பிடிவாதமா இரு. ஒண்ணு, ஆயில்ல ஊறின பிரேக் ஷூவை பெட்ரோல்ல கழுவி, வெயில்ல காய வச்சு, உப்புத்தாள் போட்டுத் தேச்சு மாட்டிடறேன்னு சொல்லுவாங்க. ஒத்துக்காதே. லைனர் குடிச்ச ஆயில் சூடேறினதும் மறுபடி மேல வரும். புது ஷூவே போடு. ரெண்டாவது, ஒரு பக்கம் வீல் சிலிண்டர் போனா ரெண்டு பக்கமும் மாத்து. ரெண்டும் ஒரே வயசு, மத்ததும் பின்னாடியே வரும். ஒரு பக்கம் மட்டும் நல்லாப் பிடிச்சா வண்டி ஒரு பக்கமா இழுக்கும்.

அடுத்தது ஹோஸ். முன் சக்கரத்துக்குப் போற ரப்பர் ஹோஸை விரலால லேசா வளைச்சுப் பாரு. வெளித்தோல்ல வெடிப்பு தெரிஞ்சாலே மாத்திடு, ஒழுகற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அடியில போற இரும்புக் குழாய் கடற்கரை ஊர்ல சீக்கிரம் துரு ஏறும். தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னைக் கடலோரம் மாதிரி இடத்துல ஓடின வண்டின்னா லிஃப்ட்ல ஏத்தி ஒரு தடவை அந்தக் குழாயை முழுசா துடைச்சுப் பார்க்கச் சொல்லு.

வெளிய எங்கயும் ஈரம் இல்ல, ஆனா ஆயில் இறங்குது. அப்படின்னா மாஸ்டர் சிலிண்டரோட பின் வாஷர் வழியா பூஸ்டருக்குள்ள போகுது. மாஸ்டர் சிலிண்டரும் பூஸ்டரும் சேர்ற இடத்துக்கு அடியில பெயின்ட் உரிஞ்சிருக்கான்னு பாரு, அது பெரிய துப்பு. இன்னொரு இடமும் இருக்கு, நிறைய பேர் மறந்துடற இடம். ஹைட்ராலிக் கிளட்ச் இருக்கற சில கார்ல கிளட்சுக்கும் இதே டப்பாவுல இருந்துதான் ஆயில் போகும். கிளட்ச் சிலிண்டர் ஒழுகினாலும் எரியறது பிரேக் விளக்குதான். நாலு சக்கரத்தையும் பிரிச்சு மேஞ்சும் ஒண்ணும் கிடைக்கலைன்னா கிளட்ச் பெடலுக்கு அடியில கார்பெட்டைத் தூக்கிப் பாரு.

எந்த ஆயில்

டப்பாவோட மூடியிலயே எழுதியிருக்கும், டாட் 3ன்னோ டாட் 4ன்னோ. அதையே வாங்கு. டாட் 3 புதுசா இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்காம தாங்கணும்னு விதி, டாட் 4க்கு 230. இந்த ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினதும் அதே டாட் 3ன் வரம்பு 140க்கு இறங்கிடும், டாட் 4 155க்கு. அதனாலதான் கறுத்திருக்கோ இல்லையோ, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடச் சொல்றது. திறந்து மீதி வச்ச பாட்டிலை அடுத்த வருஷத்துக்குன்னு எடுத்து வைக்காதே. சின்ன பாட்டிலா வாங்கு.

டாட் 5னு ஒண்ணு இருக்கு, அது சிலிக்கான். மத்ததோட கலக்கவே கூடாது. டாட் 5.1 அந்த ஜாதி இல்ல, டாட் 4 குடும்பம்தான். இன்ஜின் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில் இதெல்லாம் அவசரத்துக்குன்னு ஒரு மூடி கூட ஊத்தாதே. பிரேக்ல இருக்கற ரப்பர் எல்லாம் ஊதிப் பெருத்துடும். அப்புறம் மாஸ்டர் சிலிண்டர்ல இருந்து நாலு சக்கரம் வரைக்கும் ரப்பர் அத்தனையும் மாத்தணும், குழாயையும் முழுசாக் கழுவணும்.

ஆயிலும் நிறைய இருக்கு, லீவரும் இறங்கியிருக்கு, இன்னும் எரியுது

இப்ப கரண்ட் பக்கம் போகலாம். டப்பாவுல மாட்டியிருக்கற ஒயர் கனெக்டரைக் கழட்டு. பழைய வண்டியில கழட்டினதும் விளக்கு அணைஞ்சா உள்ள இருக்கற மிதவை கோளாறு. வருஷம் போகப் போக மிதவைக்குள்ள ஆயில் புகுந்து அது முழுகிடும், ஆயில் நிறைய இருந்தும் இல்லைன்னு சொல்லும். டப்பாவைப் பக்கத்துல ரெண்டு தட்டு தட்டிப் பாரு, ஒட்டிக்கிட்டது விட்டாலும் விடும். விடலைன்னா மூடியையோ டப்பாவையோ மாத்தணும். பெரிய செலவு இல்ல. ஆனா கனெக்டரைக் கழட்டினபடியே விட்டுட்டு "விளக்கு அணைஞ்சிடுச்சு"ன்னு ஓட்டாதே. நிஜமா ஆயில் குறையும்போது சொல்ல ஆளில்லாமப் போயிடும்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் இன்ஜினுக்குள்ள ஹோஸ் பைப்பைப் பிடிச்சுக் கழுவற வழக்கம் நம்ம வீடுகள்ல உண்டு. மறுநாள் மாலை, சந்தனம், பொரி எல்லாம் ரெடி, சாவியைத் திருப்பினா சிவப்பு விளக்கு. கனெக்டர்ல தண்ணி புகுந்திருக்கும். கழட்டி, ஊதி, வெயில்ல காய விட்டு மாட்டு. பொரியைச் சொல்லும்போது எலியையும் சொல்லணும். ரெண்டு வாரம் எடுக்காம நிறுத்தின வண்டின்னா ஒயரைக் கடிச்சு வச்சிருக்கும். கடிபட்ட ஒயர் பாடியில பட்டாலே இந்த விளக்கு எரியும், ஏன்னா சுவிட்ச் செய்யற வேலையும் அதுதான், ஒயரை எர்த்தோட சேர்க்கறது.

பிரேக் விளக்கோட பேட்டரி விளக்கும் சேர்ந்து, ரெண்டும் மங்கலா எரியுதா? பிரேக்கை விட்டுட்டு ஆல்டர்னேட்டரைப் பாரு. சில பழைய ஜப்பான், கொரியா வண்டிகள்ல பல்பு சோதிக்கற லைனும் ஆல்டர்னேட்டர் லைனும் தொடர்பு வச்சிருக்கும். எலக்ட்ரீஷியன்கிட்ட வோல்ட் மீட்டர் இருக்கும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில சுமார் பதிமூணரையில இருந்து பதினாலரை வோல்ட் வரணும். பன்னிரண்டுதான் காட்டுதுன்னா சார்ஜ் ஏறல. பிரேக்கைப் பிரிச்சு மேயற செலவு மிச்சம்.

உன் வண்டியில ஏ.பி.எஸ். இருந்தா இன்னொரு சேர்க்கை இருக்கு. 2019 ஏப்ரல்ல இருந்துதான் எல்லாப் புதுக் காருக்கும் அது கட்டாயம், அதுக்கு முந்தினதுல மேல் மாடல்ல மட்டும் இருக்கும். ஏ.பி.எஸ். ஆரஞ்சு விளக்கு மட்டும் எரிஞ்சா சாதா பிரேக் வேலை செய்யும். அதோட இந்தச் சிவப்பும் சேர்ந்து எரிஞ்சா, ஆயில் சரியா இருக்கறப்போ, முன்னுக்கும் பின்னுக்கும் பிரேக்கைப் பங்கு போடற வேலை நின்னு போச்சு. கடுமையா மிதிச்சா பின் சக்கரம் வழுக்கலாம். மழையில ஓட்டாம, மெதுவா ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோ.

மலை இறங்கும்போது விளக்கை நம்பாதே

கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறை ரோட்ல 40. இறக்கத்துல பிரேக்லயே காலை வச்சுக்கிட்டு வந்தா டிஸ்க்கும் பேட்டும் கொதிக்கும். அந்தச் சூடு ஆயிலுக்குப் போகும். ஈரம் ஏறின பழைய ஆயில்னா காலிப்பருக்குள்ளயே கொதிச்சு ஆவியாகும். ஆவியை அமுக்கினா அமுங்கும், பெடல் பஞ்சு மாதிரி கீழ போயிடும். இவ்வளவு நடக்கும்போதும் அந்தச் சிவப்பு விளக்கு எரியாது. ஹேண்ட் பிரேக் கீழதான் இருக்கு, ஆயிலும் டப்பாவுல நிறையத்தான் இருக்கு, அது பாட்டுக்கு அணைஞ்சே இருக்கும்.

அதனால ஏறும்போது எந்த கியர்ல ஏறினியோ அதே கியர்ல இறங்கு, பெரும்பாலும் ரெண்டு. பிரேக்கை விட்டு விட்டுப் போடு. நியூட்ரல்ல பெட்ரோல் மிச்சம் பண்றேன்னு இறங்கறவங்க வண்டியில நீ ஏறவே ஏறாதே, அது மாமாவா இருந்தாலும் சரி. கருகின வாசனை வந்தா அகலமான இடத்துல நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிடு. சூடான டிஸ்க் மேல தண்ணி ஊத்தாதே, கோணிக்கும். ஆறினதும் பெடல் பழையபடி கெட்டியாகும். "சரியாயிடுச்சு"ன்னு விட்டுடாம ஊருக்குத் திரும்பினதும் ஆயிலை மாத்து.

செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போறப்போ

சாவியை ஆன் பண்ணு, ஸ்டார்ட் பண்ணாதே. ஹேண்ட் பிரேக்கைத் தூக்கு. சிவப்பு விளக்கு எரியணும். எரியலைன்னா ஒண்ணு பல்பு போயிடுச்சு, இல்ல எரியற விளக்கை மறைக்க யாரோ பல்பையே கழட்டியிருக்காங்க. ரெண்டுமே நல்ல சேதி இல்ல. ஹேண்ட் பிரேக்கை இறக்கினா அணையணும். அப்புறம் பானட்டைத் திறந்து ஆயில் நிறத்தைப் பாரு. இந்த ரெண்டுக்கும் ரெண்டு நிமிஷம் கூட ஆகாது. பாலிஷ் போட்டுப் பளபளன்னு வச்சிருக்கற வண்டியில கறுத்த பிரேக் ஆயில் இருந்தா, பளபளப்புக்குக் கொடுத்த காசு வேற எதுக்கும் கொடுக்கலைன்னு புரிஞ்சுக்கலாம்.

மெக்கானிக்கிட்ட

"பிரேக் லைட் எரியுது"ன்னு மட்டும் சொல்லாதே, அவர் பின்னாடி எரியற ஸ்டாப் லைட்டுன்னு நினைச்சு சுவிட்சை மாத்தி அனுப்பிடுவார். "மீட்டர்ல சிவப்பு பிரேக் வார்னிங் எரியுதுண்ணா, லீவர் முழுசா இறங்கித்தான் இருக்கு, ஆயில் மின்னுக்குக் கீழ, பின் இடது டயர் உள்பக்கம் ஈரம்"னு சொல்லு. நீ பார்த்ததைச் சொல்றே, என்ன பண்ணணும்னு சொல்லல. அதுல அவருக்கும் கோபம் வராது, தேவையில்லாததைப் பிரிக்கற வேலையும் குறையும். கழட்டின பழைய பாகத்தைக் கையில கேட்டு வாங்கு.

ஏர் எடுக்கும்போது இன்னொண்ணு கவனி. ஒருத்தர் உள்ள உட்கார்ந்து பெடலை மிதிப்பார், ஒருத்தர் கீழ சக்கரத்துக்கிட்ட நிப்பிளைத் திறந்து மூடுவார். பழைய வண்டியில பெடலைத் தரை வரைக்கும் ஓங்கி மிதிக்க வேண்டாம்னு சொல்லு, அடியில ஒரு மரக்கட்டையைக் கூட வைக்கலாம். மாஸ்டர் சிலிண்டரோட கடைசிப் பகுதிக்கு வாஷர் வழக்கமாப் போனதே கிடையாது, அங்க துருவும் கசடும் இருக்கும். முழுசா மிதிச்சா வாஷர் அதுல உரசிக் கிழியும். ஏர் எடுத்துட்டு வந்த ஒரு வாரத்துல பெடல் இறங்க ஆரம்பிக்குதுன்னு வர்ற புகார்ல பாதிக்கு இதுதான் காரணம்னு நினைக்கறேன். குழாய் வழியா வெளிய வந்த ஆயிலை மறுபடி டப்பாவுல ஊத்தவும் விடாதே.

பேட் மாத்தின வண்டியை எடுக்கும்போது, ஸ்டார்ட் பண்ணி கியர் போடறதுக்கு முன்னாடி பெடலை நாலஞ்சு தடவை மிதிச்சுக் கெட்டியாக்கிக்கோ. பிஸ்டனை உள்ள தள்ளியிருப்பாங்க, முதல் மிதி சும்மா தரைக்குப் போகும். ஒர்க்‌ஷாப் வாசல்லயே எதிர்ச் சுவர்ல முட்டற வண்டி எல்லாம் இப்படித்தான். அப்புறம் கூட்டம் இல்லாத தெருவுல இருபதுல ஒரு தடவை, நாற்பதுல ஒரு தடவை பிரேக் போட்டுப் பாரு. ஒரு வாரம் கழிச்சு பானட்டைத் திறந்து, டார்ச் அடிச்சு, ஆயில் மட்டம் அதே இடத்துல இருக்கான்னு பார்த்துடு.